70 வைத்தால் 82: உருகிய தேங்காய் எண்ணெய்க்கு யார் பொறுப்பு?

நாஷுவா_நாகு:
நேற்று வேறொரு இழையில் மொன்றியல்_மாமா எழுதியதை அப்படியே தருகிறேன்: "70 வைத்து 82 வருகுதென்றால் அடுப்பில் பிழையில்லை, வாங்கின ஆளில்தான் பிழை." இதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அறைச் சூட்டில் ஏற்கெனவே வரவில்லை, அது வேறு விஷயம்.

நான் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர். வெளியே 5 டிகிரி ஃபாரன்ஹீட். பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரிக்கும் அடுப்பு) இருக்கும் அறை 14க்கு 16 அடி. அடுப்பின் பேனலில் 70 வைத்திருக்கிறேன். அதுவும் சமர்த்தாக "அறை 70" என்றே காட்டுகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானியோ 82 காட்டுகிறது. பையன் பனியனோடு திரிகிறான். நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி: அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. 76க்குக் கீழே இருந்தால் அது உறைந்திருக்கும். ஆக, பொய் சொல்வது இந்த அடுப்புப் பெட்டி. பிழை பெட்டியில்தான், என்னில் இல்லை.

மொன்றியல்_மாமா:
தம்பி, எண்ணெய்ப் போத்தல் எந்தத் தட்டில் இருந்தது?

நாஷுவா_நாகு:
மேல் தட்டில். அதற்கென்ன?

மொன்றியல்_மாமா:
அதற்குத்தான் எல்லாம். சூடான காற்று மேலே போகும். இதை ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தார்கள். மேல் தட்டில் போத்தலை வைத்துவிட்டு அடுப்பைக் குற்றம் சொல்ல வந்துவிட்டீர். நான் 2009இல் இருந்து பெல்லட் எரிக்கிறேன். வருடத்துக்கு 100 மூட்டை, மூட்டைக்கு 40 இறாத்தல் (பவுண்டு). என் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் கல்லு மாதிரி இருக்கும். கரண்டி வளையும்.

வெர்மான்ட்_வேலு:
ஒரு நிமிடம். முதலில் "ஓவர்ஹீட்" என்றால் எதைச் சொல்கிறீர்கள்? அறை அதிகமாகச் சூடாகிறதா, அடுப்பின் உடம்பே கொதிக்கிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி. அடுப்பு கொதித்தால் ஊதும் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். அறை மட்டும் சூடானால் சென்சாரையும் மோடையும் பார்க்க வேண்டும். உங்களுடையது எந்த மோடில் ஓடுகிறது நாகு?

அடுப்பங்கரை_அகிலா:
மாமா வீட்டு எண்ணெய் கல் மாதிரி இருக்கிறது என்றால் மாமா வீடு குளிர்கிறது என்று அர்த்தம். அதில் என்ன பெருமை? மாமி பாவம்.

மொன்றியல்_மாமா:
அகிலா, மாமியை இழுக்க வேண்டாம். மாமி சுவெற்றர் போடுவா. போத்தல் மேல் தட்டில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். விடயம் முடிந்தது.

நாஷுவா_நாகு:
ஒன்றும் முடியவில்லை. மேல் தட்டு என் தலை உயரம். நான் தலையோடுதான் அந்த அறையில் உட்கார்கிறேன்.

வெர்மான்ட்_வேலு:
மறுபடியும் கேட்கிறேன். மோடு? ஹை-லோவா, ஆட்டோவா? ஹை-லோ என்றால் 70 வந்ததும் அடுப்பு அணையாது. சின்னத் தீக்கு இறங்கி எரிந்துகொண்டே இருக்கும். ஆட்டோ என்றால் தானே அணைந்து, குளிர்ந்ததும் மறுபடி பற்றும். சின்னத் தீயிலும் மணிக்கு ஒன்றரை பவுண்டு பெல்லட் போகிறது என்று வையுங்கள். பவுண்டுக்குச் சுமார் 8,000 பி.டி.யு. வெப்பம். புகையில் போவதைக் கழித்தாலும் 1500 வாட் மின் ஹீட்டர் இரண்டை ராத்திரி முழுக்கப் போட்டுவைத்த மாதிரி. 14க்கு 16 அறை தாங்குமா?

எடிசன்_சிவா:
இவ்வளவு கணக்கு எதற்கு? சூடு அதிகமானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி கழித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாச் சாமானுக்கும் அதுதான் வைத்தியம்.

வெர்மான்ட்_வேலு:
சிவா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினால் புகையை வெளியே தள்ளும் விசிறியும் நின்றுவிடும். கிண்ணத்தில் பெல்லட் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். புகை வீட்டுக்குள் வரும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். ஆஃப் பொத்தானை அழுத்துங்கள், அது தானாக ஆறி விசிறியை நிறுத்தும்.

எடிசன்_சிவா:
சரி, ஒரு யோசனை சொன்னேன். அதற்கு இவ்வளவு பிரசங்கம். கரண்ட் இல்லாவிட்டால் புகை உள்ளே வரும் ஒரு சாமானை எதற்கு ஐயா காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? கரண்ட் போனால் அது வெறும் இரும்புப் பெட்டி.

மொன்றியல்_மாமா:
கரண்ட் போவதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். 1998 ஜனவரி உறைபனி மழையில் நான் இங்கே இருந்தவன். மின்கம்பி எல்லாம் ஐஸ் கட்டி, கோபுரங்கள் மடிந்து விழுந்தன. சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நீர் அப்போது எங்கே இருந்தீர்?

எடிசன்_சிவா:
ஆறாம் வகுப்பில். காஞ்சிபுரத்தில். எங்களுக்குத் தினமும் கரண்ட் போகும்.

மொன்றியல்_மாமா:
இந்த நகரத்தில் 2018 அக்டோபரில் இருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகடுப்பை எரிக்க முடியாது. அந்தச் சட்டத்துக்குள் நின்று எரிக்கிறவன் நான். எனக்குச் சொல்ல வருகிறார்கள். போத்தல் மேல் தட்டில்.

அடுப்பங்கரை_அகிலா:
மாமா, "சுவெற்றர்", "போத்தல்"... ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படிக்க வேண்டியிருக்கிறது.

மொன்றியல்_மாமா:
நீங்கள் "பாட்டில்" என்று எழுதுவது மட்டும் சங்கத் தமிழோ? போன வருடம் பனி தள்ளும் மெசின் இழையிலும் இதே நக்கல். மறக்கவில்லை.

அடுப்பங்கரை_அகிலா:
அந்த இழையில் நீங்கள் சொன்ன மெசினை வாங்கியவர் இன்னும் மண்வெட்டியால்தான் தள்ளுகிறார். அதையும் யாரும் மறக்கவில்லை.

நாகு, உருப்படியாக ஒன்று. சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். ஹாலில் தரையில் ஒரு மேசை விசிறியை வைத்து, குளிர்ந்த காற்றை அடுப்பறைக்குள் ஊதுங்கள். கீழே குளிர் நுழைந்தால் வாசல் மேல்பக்கமாகச் சூடு தானே வெளியேறும். வாசல் நிலையில் ஒரு டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரியும்.

நாஷுவா_நாகு:
விசிறி நல்ல யோசனை அக்கா, வைத்துப் பார்க்கிறேன். ஆனால் நான் கேட்டது அது இல்லை. பெட்டி ஏன் 70 என்று பொய் சொல்கிறது?

வெர்மான்ட்_வேலு:
பொய் சொல்லவில்லை. தன் காலடியை அளந்து சொல்கிறது. அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வயர் தொங்கும், நுனியில் மிளகு அளவுக்கு ஒரு மணி. அதுதான் சென்சார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். விசிறி இழுக்கும் குளிர்ந்த காற்று அதை உரசிக்கொண்டு போகிறது, பக்கத்திலேயே வெளிக்காற்றுக் குழாய். அதற்கு 70 வரும்போது உங்கள் தலைக்கு 82. சுவர் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, உள்சுவரில் ஐந்தடி உயரத்தில், வெயிலும் அடுப்புச் சூடும் நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள். அதோடு மோடு என்ன என்று...

மொன்றியல்_மாமா:
பார்த்தீரா! வேலுவும் உயரத்தைத்தான் சொல்கிறார். உயரத்தில் சூடு. போத்தல் உயரத்தில். நான் முதல் வரியில் கேட்ட கேள்வி.

நாஷுவா_நாகு:
வேலு சொல்வது சென்சார் தப்பான இடத்தில் இருக்கிறது என்று. சென்சார் யாருடையது? பெட்டியுடையது. பிழை பெட்டியில். நான் முதல் வரியில் சொன்னது.

வெர்மான்ட்_வேலு:
நான் இரண்டையுமே சொல்லவில்லை.

நாஷுவா_நாகு:
சரி, ஆட்டோவில் போட்டால்? அணைந்து அணைந்து பற்றினால் இக்னைட்டர் (பெல்லட்டைப் பற்றவைக்கும் பாகம்) சீக்கிரம் போய்விடும் என்று விற்ற கடைக்காரர் பயமுறுத்தினார்.

வெர்மான்ட்_வேலு:
ஆக, ஹை-லோவில்தான் ஓடுகிறது! இதைச் சொல்ல இத்தனை நேரமா? இக்னைட்டர் தேயும் சாமான்தான், மாற்றிக்கொள்ளலாம். குளிர் குறைந்த நாட்களில் ஆட்டோவில் போடுங்கள்.

மொன்றியல்_மாமா:
ஆட்டோவில் போட்டால் இக்னைட்டர் சீக்கிரம் போகும். எழுதி வைத்துக்கொள்ளும். சின்ன அறைக்குப் பெரிய அடுப்பை வாங்கினால் அது எந்த மோடிலும் வேகும். வாங்கின ஆளில் பிழை என்றது இதைத்தான்.

எடிசன்_சிவா:
ஜன்னலைத் திறந்தால் என்ன?

மொன்றியல்_மாமா:
மூட்டைக் காசு நீர் தருவீரோ?

மட்டுறுத்துநர்:
தனிநபர் கிண்டல் வேண்டாம். ட, ற சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது.

நாஷுவா_நாகு:
நேற்று ராத்திரி ஒரு சோதனை செய்தேன். பேனலில் அதே 70, அதே ஹை-லோ. எண்ணெய் பாட்டிலைக் கீழ்த் தட்டில், முழங்கால் உயரத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் இரண்டு விரல் அளவுக்கு வெள்ளையாக உறைந்திருக்கிறது, மேலே தெளிவாக இருக்கிறது. முழங்கால் உயரத்திலேயே பாதி உருகல்! 70 என்றால் முழுக்க உறைந்திருக்க வேண்டாமா?

மொன்றியல்_மாமா:
உறைந்ததா இல்லையா? உறைந்தது. கீழே இறக்கினதும் உறைந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுப்பங்கரை_அகிலா:
பாதி.

மொன்றியல்_மாமா:
பாதி என்றாலும் உறைந்தது உறைந்ததுதான். அது போக, அது சுத்தத் தேங்காய் எண்ணெய்தானா? எந்தக் கடையில் வாங்கினீர், தம்பி?