நுண்ணூசி உயிரணு ஆய்வு: பெயரில் ‘திசு’ வேண்டாம்

அன்புள்ள ஐயா,

கட்டியில் மெல்லிய ஊசியால் குத்தி, வரும் உயிரணுக்களைப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனைக்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘நுண்ணூசி உறிஞ்சல் திசு ஆய்வு’ என்ற பெயரிலிருந்து ‘திசு’வை எடுத்துவிட வேண்டுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் தினமும் ஸ்லைடுக்குச் சாயமேற்றுகிறவள் நான்.

அரிசி மண்டியில் குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு கை அரிசி எடுப்பார்களே, அதில் பழசா புதுசா, நொய் எவ்வளவு என்பது தெரியும். மணிகள் கதிரில் எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. இந்த ஊசியும் அப்படித்தான். 22 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசியில் பெரும்பாலும் உதிரி உயிரணுக்கள்தான் வரும். கொழுப்புக் கட்டி என்றால் கண்ணாடியில் தடவிய துளி எண்ணெய் மாதிரி மினுங்கும், லேசில் காயாது. சாயம் ஏற்றுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் இரண்டு முனையும் கூராக நீண்ட உயிரணுக்கள் வந்தால், புற்றல்லாத நரம்புறைக் கட்டியா, சார்கோமா என்ற புற்றா என்று பிரிப்பது பல சமயம் கடினம். அவை ஒன்றோடொன்று பின்னியிருக்கும் விதத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் தடித்த ஊசியால் திசுவையே துண்டாக எடுக்கும் பயாப்சி.

இரண்டையும் ‘திசு ஆய்வு’ என்றால் என்ன ஆகும்? ‘சதை எடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் சித்தப்பா தொடைக் கட்டியோடு ஏழு மாதம் அப்படித்தான் இருந்தார்.

‘உறிஞ்சல்’கூட வேண்டாம். சிரிஞ்சை இழுக்காமல் வெறும் ஊசியாலேயே எடுப்பதும் உண்டு. ‘நுண்ணூசி உயிரணு ஆய்வு’ போதும்.

அப்புறம், தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் வரும் ‘சாஃப்ட் டிஷ்யூ லீஷ’னுக்கு நீங்கள் சொன்ன ‘மென்திசுப் புண்’. தோல் கிழியாமல், வலிக்காமல் உள்ளே உருளுவதை எங்கள் ஊரில் யாரும் புண் என்று சொல்ல மாட்டார்கள். புண் என்றால் மருந்து வைத்துக் கட்டுவது. ‘மென்திசுக் கட்டி’ என்றே வைப்போம்.

*

அம்மா,

‘திசு’வும் ‘உறிஞ்ச’லும் போகட்டும், நீங்கள் சொல்வது சரி. ‘கட்டி’யில்தான் தயக்கம். சீழ் கோத்தாலும் கட்டி, புற்றானாலும் கட்டி. ‘கழலை’ என்று பழைய சொல் இருக்கிறதே?

*

ஐயா,

சீழ்க்கட்டியிலும் இதே ஊசியைத்தான் போடுகிறோம். குத்துவதற்கு முன் அது எது என்று பல சமயம் உறுதியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்தான் வேண்டும். ‘கழலை’யைப் பரிசோதனை முடிந்த பிறகு, கொழுப்புக் கழலை என்று உறுதியானதற்கு வைத்துக்கொள்ளலாம்.