‘பிளாக் அண்ட் டான்’ (1929): காலுக்கும் ஒலிக்கும் பொருந்தவில்லையே?

கேள்வி:
டட்லி மர்ஃபி இயக்கிய இந்தக் குறும்படத்தில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நின்று டாப் (காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் நடனம்) ஆடும்போது, பாதம் விழுந்த பிறகுதான் தட்டொலி கேட்கிறது. சில பிரதிகளில் பாதமே பாதி காணோம். மூலமே அப்படியா? மர்ஃபியின் கைவண்ணம் எங்கே தெரிகிறது?

பதில் 1:
மூலத்தின் குறை இல்லை, பிரதியின் குறை. 35 மி.மீ. பிலிமில் ஒலித்தடம் அதற்குரிய படச்சட்டத்திலிருந்து (ஃபிரேம்) சுமார் 20 சட்டம் தள்ளிப் பதிந்திருக்கும். டிஜிட்டலாக்கும்போது அந்தக் கணக்கு பிசகினால் ஒலி விலகும். நொடிக்கு 24 சட்டம். மூன்று சட்டம் பிசகினாலே 125 மில்லிநொடி. டாப்பில் அது கிட்டத்தட்ட அடுத்த தட்டின் இடம்.

விண்டோஸில் வி.எல்.சி. வீடியோ இயக்கியில் ‘ஜே’ விசை, ஓர் அழுத்தத்துக்கு 50 மில்லிநொடி ஒலியை முன்னே கொண்டுவரும். நடனத்தை வைத்துச் சரிசெய்யாதீர்கள். வேகமான அடிகளில் தவறான தட்டோடு பொருந்திவிடும். வசனக் காட்சியில் உதடு மூடும் ‘ப’, ‘ம’ ஒலிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாதம் வெட்டுப்படக் காரணம் வேறு. பிலிம் ஓரத்தை ஒலித்தடம் எடுத்துக்கொண்டதால் அன்றைய சட்டம் ஏறக்குறைய சதுரம், 1.19:1. அதை அகலத் திரைக்கு நிரப்பினால் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டுவிடும்.

பதில் 2:
பளபளக்கும் தரையைக் கவனியுங்கள். ஐவரின் பிம்பமும் கீழே தலைகீழாக ஆடுகிறது. பாதம் வெட்டிய பிரதியில் இழப்பதே இதைத்தான். உடல்நலம் குன்றிய நாயகி ஃப்ரெடி வாஷிங்டன் பார்க்கும்போது அந்த வரிசை பல பிம்பங்களாகச் சிதறும். 1924-இல் பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னாண்ட் லெஜேயோடு செய்த ‘பாலே மெக்கானிக்’ என்ற சோதனைப் படத்தில் மர்ஃபி கையாண்ட பட்டகப் (ப்ரிஸம்) பிம்பங்கள்தான் அவை. அங்கே வடிவ விளையாட்டு, இங்கே ஒரு பெண்ணின் மயக்கம். பிறகு வாஷிங்டன் ஆடுவதைக் கண்ணாடித் தரைக்குக் கீழிருந்தும் மர்ஃபி எடுத்திருக்கிறார். அந்த ஒரு கோணத்துக்காகவே மர்ஃபியைக் கொண்டாடலாம்.

பதில் 3:
இரைச்சல் நீக்கிய பிரதியைத் தவிருங்கள். தட்டொலியின் கூர்மை உயர் அலைவரிசையில் இருக்கிறது. இரைச்சலோடு அதுவும் மழுங்கும்.

ஒன்றை மறைக்கவும் கூடாது: பியானோவைத் தூக்க வரும் இருவரின் காட்சி கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்குகிறது. ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டனையும் வாஷிங்டனையும் இவ்வளவு கண்ணியமாகக் காட்டும் அதே படத்தில் அது உறுத்துகிறது.