தக்காளி வீரிய ஒட்டு விதை: ஒரே ஒரு மார்க்கர் போதுமாம்!

கேசரம்:
வேறொரு இழையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "தக்காளி வீரிய ஒட்டு விதை சுத்தமா என்று பார்க்க ஒரே ஒரு எஸ்எஸ்ஆர் மார்க்கர் போதும். ரெண்டே நாளில் முடிந்தது வேலை. வயலில் வளர்த்துப் பார்ப்பது காலவிரயம்." படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. மார்க்கர் என்பது ரகத்துக்கு ரகம் நீளம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு; ஜெல்லில் ஓட்டினால் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் பட்டையாகத் தெரியும். ஒரு மார்க்கர், தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே பிடித்த சுயவிதையைத்தான் காட்டிக்கொடுக்கும். வேற்று மகரந்தம் விழுந்து, அந்தச் செடிக்கும் தந்தையின் அதே பட்டை இருந்தால் ஜெல்லில் அசல் கலப்பினமாகவே தெரியும்.

ஜெல்பட்டை:
சொன்னவன் நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம். தக்காளி தன்மகரந்தப் பயிர். விதை உற்பத்தியில் பெரிய தொல்லையே சுயவிதைதான். இதழ் வெளிர்மஞ்சளாகத் தொடங்கும்போதே மகரந்தப்பைக் கூம்பை இடுக்கியால் உருவிவிட வேண்டும். விரிந்து பளிச்சென்று மஞ்சளான பிறகு கை வைத்தால் மகரந்தம் ஏற்கெனவே சூல்முடியில் உதிர்ந்திருக்கும். அந்தத் தப்பைப் பிடிக்க: தாய்க்கு ஒரு பட்டை, தந்தைக்கு ஒரு பட்டை, கலப்பினத்துக்கு ரெண்டும். தாய்ப்பட்டை மட்டும் வந்தால் சுயவிதை. ஒரு மார்க்கர் போதும்.

நாற்றுமேடை:
சுயவிதை கலக்காததைத் தூய்மை என்கிறீர்களா, ரகம் அதுவேதான் என்பதையா? இரண்டும் வேறு கேள்வி. முதலில் அதைப் பேசிவிட்டு மேலே போங்களேன்.

கேசரம்:
ஒரு மார்க்கர் போதாது. கணக்காகவே சொல்கிறேன். சுற்றியுள்ள ரகங்களில் பாதிக்கு தந்தையின் பட்டையே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க்கர் போட்டால் வேற்று மகரந்த விதையில் பாதி தப்பிவிடும். ஐந்து போட்டால் 32-இல் ஒன்றுதான் தப்பும். அதுவும் ஐந்தும் வெவ்வேறு குரோமோசோமில் இருந்தால். தக்காளிக்குக் குரோமோசோம் 12 ஜோடி. ஒன்றின் மேலேயே நெருக்கமாக ஐந்தையும் எடுத்தால் ஒன்று போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஒரு மார்க்கரையாவது ஒழுங்காகப் படிக்கிறார்களா? டிஎன்ஏ சிதைந்திருந்தால் நீளமான பட்டை முதலில் மங்கும். தந்தையின் பட்டை நீளமானதாக இருந்துவிட்டால் நல்ல கலப்பின விதையே சுயவிதையாகத் தெரியும். சுத்தமான குவியல் கழிவுக்குப் போகும். பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் கலப்பினத்துக்கு மேலே மூன்றாவதாக ஒரு பட்டை வரும். தாய் இழையும் தந்தை இழையும் சரியாகப் பொருந்தாமல் சேர்ந்து மெதுவாக ஓடுவது அது. தெரியாதவர் 'வேற்று ரகம்' என்று எழுதிவிடுவார். தாய், தந்தை டிஎன்ஏவைச் சம அளவு கலந்து அதையும் ஒரு குழியில் ஓட்டினால் இந்தக் குழப்பம் வராது. எத்தனை பேர் ஓட்டுகிறார்கள்?

ஜெல்பட்டை:
நீங்கள் சொல்வதெல்லாம் கைவேலைக் குறை. மார்க்கரின் குறை இல்லை. 65 டிகிரியில், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில் அரை மணி நேரமாவது வைத்து, குளோரோஃபார்ம் போட்டு, 70% எத்தனாலில் கழுவினால் டிஎன்ஏ ஏன் சிதைகிறது? இளம் இலையை எடுங்கள், முற்றிய இலையில் பாலிஃபீனால் ஏறிப் பழுப்பாகிவிடும். ஒரு மார்க்கர் போதும்.

பதியன்:
முதலில் 'வீரிய ஒட்டு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஒட்டு என்றால் வேர்ச்செடியில் தண்டைக் கட்டுவது. இது கலப்பினம்.

ஜெல்பட்டை:
விதைப்பையில் அச்சடித்திருப்பது வீரிய ஒட்டுதான். விவசாயிக்குப் புரிகிற சொல்லைத் திருத்த வந்துவிட்டார்.

பதியன்:
ரெண்டு செடியையும் ஒரே பேரில் அழைப்பவர் ரகத்தை அடையாளம் காட்டப் போகிறாராம்.

ரோஜாமொட்டு:
தக்காளியோடு நிற்காதீர்கள். ரோஜாவில் ஒரே கிளை நிறம் மாறிப் புது ரகமாகும்போது, இருபது எஸ்எஸ்ஆர் போட்டாலும் பெரும்பாலும் தாய்ச்செடியும் புதியதும் ஒன்றாகத்தான் தெரியும். கண்தான் பிரிக்கும். 2017-இல் மரபணு மாற்றிய ஆரஞ்சுப் பெட்டூனியா அனுமதியில்லாமல் விற்பனையில் இருந்த விவகாரம் வந்ததே, அதிலும் பின்லாந்தில் முதலில் சந்தேகப்பட்டது பூவின் நிறத்தைப் பார்த்துத்தான்.

ஜெல்பட்டை:
அதில் மக்காச்சோளத்தின் ஏ1 மரபணு இருப்பதை உறுதி செய்தது டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை. கண் இல்லை.

கேசரம்:
பெட்டூனியாவுக்குள் ஓடி ஒளிய வேண்டாம். எத்தனை விதை எடுத்தீர்கள் என்ற கேள்வியும் பாக்கி. 2% சுயவிதை கலந்த குவியலில் 100 விதை எடுத்தால் ஒன்றுகூட அகப்படாமல் போக 13% வாய்ப்பு உண்டு. 1% கலப்படம் என்றால் 37%. ஒரு மார்க்கர், நூறு விதை, ரெண்டு நாள், "சுத்தம்" என்று சான்றிதழ்! உற்பத்தி வயலில் மகரந்தம் தடவிய பூவின் புறவிதழில் இரண்டைக் கத்தரித்து விடுகிறார்களே, ஏன்? பழத்தின் காம்படியில் அந்த வெட்டு இல்லாவிட்டால் பறித்து எறிவதற்கு. சுயவிதை அங்கேயே நிற்க வேண்டும். ஆய்வகம் பார்க்க வேண்டியது அதற்கு மேல் வருவதை. அதற்கு ஒரு மார்க்கர் போதாது.

ஜெல்பட்டை:
வயலில் மட்டும் என்ன கிழித்தீர்கள்? தாயும் கலப்பினமும் ஒரே உயரம், ஒரே காய் வடிவம் என்றால் ஒரு பருவம் முழுக்க நின்று பார்த்தாலும் தெரியாது. தக்காளி மொசைக் வைரஸைத் தடுக்கும் டிஎம்-2 எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று இலையைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். போன வருடம் கத்தரி இழையிலும் இப்படித்தான் கடைசிவரை இழுத்தீர்கள்.

கேசரம்:
கத்தரி இழையில் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை. வயல் மட்டும் போதும் என்று நான் எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள். ஒரு மார்க்கர் போதாது என்றேன்.

ஜெல்பட்டை:
தாய்க்கும் தந்தைக்கும் வேறுபடுகிற மார்க்கராக இருந்தால் ஒன்றே போதும். எத்தனை முறை கேட்டாலும் இதேதான்.

நாற்றுமேடை:
என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பதியன்:
கலப்பினம். ஒட்டு இல்லை.