மிச்சிகன் 15-0: அந்த 2023 சீசன்ல நீங்க எங்கே இருந்தீங்க?

மதுரை டு மிச்சிகன்

கான்டனுக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. மிச்சிகன் யுனிவர்சிட்டி இருக்கிற ஆன் ஆர்பர் இங்கிருந்து இருபது நிமிஷம்தான். ஆனா 2023 வரைக்கும் கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுறது) பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: சனிக்கிழமை மேட்ச் இருந்தா அந்தப் பக்கம் காரைத் திருப்பக் கூடாது.

நவம்பர் 25, ஒஹையோ ஸ்டேட் மேட்ச். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவர் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மிச்சம். ரெண்டு டீமும் அன்னைக்கு வரைக்கும் 11-0, பதினொண்ணும் ஜெயிச்சு ஒண்ணுகூடத் தோக்கல. அவர் டிக்கெட்டை நீட்டின விதத்தைப் பார்த்தா, வேண்டாம்னு சொன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்னு தோணுச்சு. வாங்கிக்கிட்டேன்.

ஸ்டேடியம் பக்கத்துத் தெருக்கள்ல வீட்டு முன்புல்லையே பார்க்கிங்கா வாடகைக்கு விடுவாங்க, தெரியும்ல? ஒரு வயசான அம்மா அட்டையில விலை எழுதி மடியில வச்சுக்கிட்டு மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தாங்க. எண்பது டாலர். பணத்தைக் கொடுத்துட்டு இறங்கினா, என் காலைப் பார்த்தாங்க. சாதா ஷூ. "முதல் தடவையா?" ஆமான்னேன். ஒண்ணும் பேசாம உள்ளே போய், உள்ளங்கை சூடுபடுத்துற பொட்டலம் நாலு கொண்டுவந்து கொடுத்தாங்க. ரெண்டு கைக்கு, ரெண்டு ஷூவுக்குள்ளே. அது இல்லைன்னா ரெண்டாம் பாதியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

வெளியிலிருந்து பார்த்தா அந்த ஸ்டேடியம் அவ்வளவு பெரிசாத் தெரியாது. 'பிக் ஹவுஸ்'ங்கிறாங்க, இவ்வளவுதானான்னு நினைச்சேன். உள்ளே நுழைஞ்சா நம்ம வண்டியூர் தெப்பக்குளம் கணக்கா படி கீழே கீழே இறங்குது. பாதிக்கு மேல மண்ணுக்குள்ளேதான் இருக்கு. உக்கார பலகையில நம்பர் எழுதியிருக்கு, ஆனா அந்த நம்பர் அளவுக்கு மனுஷன் ஒல்லியா இருக்கணும். பக்கத்துல இருந்தவர் தோள் என் தோள்ல ஒட்டியே மூணரை மணி நேரம்.

மூணாவது குவாட்டர், 17-17. மிச்சிகனோட 65-ஆம் நம்பர் ஸாக் ஸின்டர் கீழே விழுந்து எழுந்திருக்கல. கால் முறிஞ்சுபோச்சு. டீம் மொத்தமும் மைதானத்துக்குள்ளே வந்து சுத்தி நின்னுச்சு. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் கூடின இடத்துல பின்னாடி வரிசையில ஒரு குழந்தை இருமுறது கேட்டுச்சு. வண்டியில ஏத்திக் கொண்டுபோனாங்க. ஆட்டம் மறுபடி தொடங்கின உடனே, மிச்சிகனோட பிளேக் கோரம் பந்தை வாங்கி 22 யார்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிட்டார், டச்டவுன். ஓடி முடிச்சதும் விரலால ஆறும் அஞ்சும் காட்டினார். அறுபத்தஞ்சு. பக்கத்துல இருந்தவர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதார். பேர் என்னன்னுகூட எனக்குத் தெரியாது. நானும் அழுதேன்னு சொன்னா வீட்டுல இன்னும் நம்ப மாட்டேங்கிறாங்க.

30-24. கடைசி அரை நிமிஷத்துல மிச்சிகனோட ராட் மூர் பந்தைப் பறிச்சு மேட்ச்சை முடிச்சார்.

உங்களுக்கும் அந்த சீசன்ல இப்படி யாராவது அகப்பட்டிருப்பாங்க. சொல்லுங்க.

வடக்கு வளாக மாணவி

அண்ணா, நான் அந்த ஆகஸ்ட்லதான் கோவையிலிருந்து வந்து எம்.எஸ். சேர்ந்தேன். முதல் மூணு மேட்ச்சுக்குத் தலைமைக் கோச் ஜிம் ஹார்பா இல்லை. யுனிவர்சிட்டியே சஸ்பெண்ட் பண்ணி வச்சிருந்தாங்க. வேற வேற ஆள் நடத்தினாங்க, அப்பவும் 30-3, 35-7, 31-6னு ஜெயிச்சாங்க. எனக்கு இதுல என்ன சுவாரசியம்னே புரியலை. மிச்சிகன் ஸ்டேட்டை அவங்க ஊர்லயே 49-0னு அடிச்சப்போ நான் லைப்ரரியில தூங்கிட்டிருந்தேன்.

நவம்பர்லதான் கதை சூடாச்சு. எதிர் டீம் கோச்சுகளோட சைகையைத் திருடினாங்கன்னு புகார். பென் ஸ்டேட் மேட்ச்சுக்கு முந்தின நாள், டீம் விமானத்துல இருக்கும்போதே, மிச்சிகன் ஆடுற லீக்கான பிக் டென் அமைப்பு ஹார்பாவை மறுபடி மூணு மேட்ச்சுக்கு வெளியே வச்சிருச்சு. பொறுப்பு துணைக் கோச் ஷெரோன் மூர் தலையில. அந்த மேட்ச்சுல 32 தடவை தொடர்ச்சியா பந்தை எறியாம ஓட்டம் மட்டும்தான். இரண்டாம் பாதியில கணக்குல ஏறின பாஸ் ஒண்ணுகூட இல்லை. ரூம்ல அஞ்சு பேர் பார்த்துட்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோ கால்ல. என்னடி அதுன்னு கேட்டாங்க. "சடுகுடு மாதிரிம்மா. நாலு தடவை பாடிட்டுப் போகலாம், அதுக்குள்ளே பத்து யார்டு தாண்டணும். தாண்டினா இன்னொரு நாலு"ன்னேன். அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "அப்ப அந்த ரெண்டாம் நம்பர் பையனையே அனுப்புங்க, அவன் நல்லா நுழையறான்"னு சொன்னாங்க. அதுதான் கோரம். கோச்சும் அம்மாவும் ஒரே யோசனையில இருந்திருக்காங்க.

மேட்ச் முடிஞ்சு மூர் பேட்டி கொடுக்கும்போது ஹார்பா பேரைச் சொல்லி விசும்பி விசும்பி அழுதார். அன்னையிலிருந்துதான் நானும் மஞ்சள் டீ-ஷர்ட் வாங்கினேன். அடுத்த வாரம் மேரிலாண்டை 31-24 ஜெயிச்சது யுனிவர்சிட்டியோட 1000-ஆவது வெற்றி. கல்லூரி ஃபுட்பால்ல அதைத் தொட்ட முதல் டீம் இதுதான்.

நான் சொல்ல வந்தது பஸ் டிரைவர் கதை. தேசிய ஃபைனல்ல வாஷிங்டனை ஜெயிச்ச அன்னைக்கு, ஜனவரி 8 ராத்திரி, சவுத் யுனிவர்சிட்டி தெரு முழுக்க ஜனம். விளக்குக் கம்பத்துல எல்லாம் ஏறிட்டாங்க. எனக்குக் காலையில லேப். எப்படியோ வடக்கு வளாகத்துக்குப் போற பஸ்ஸைப் பிடிச்சோம். டிரைவர் அறுபது வயசுக்காரர், கண்ணாடிக்குப் பக்கத்துல நீலத் தொப்பி மாட்டியிருந்தார். "ஸ்கோர் மட்டும்தான் தெரியும், ஷிஃப்ட்டுல இருந்தேன். முதல்லயிருந்து சொல்லுங்க"ன்னார். பஸ் முழுக்க ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பிச்சாங்க. அவர் கையைத் தூக்கி, "ஒருத்தர் மட்டும்"னு கண்ணாடியில என்னைக் காட்டினார். முதல் சீட்டுல இருந்தது நான்தான். டொனோவன் எட்வர்ட்ஸ் முதல் குவாட்டர்லயே 41 யார்டு ஒண்ணு, 46 யார்டு ஒண்ணு ஓடினதை எனக்குத் தெரிஞ்ச அரைகுறை வார்த்தையில சொன்னேன். "இடது பக்கமா, வலது பக்கமா?"ன்னு கேட்டார் பாருங்க. பின்னாடியிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தாங்க. என் ஸ்டாப் வந்தும் கதவைத் திறக்கலை. மைக் செயின்ரிஸ்டில் பந்தைப் பறிச்சு 81 யார்டு ஓடினதைச் சொல்லி முடிச்சப்புறம்தான் திறந்தார்.

கொலம்பஸ் கொங்கன்

எல்லாரும் சந்தோசமா எழுதறீங்க, எழுதுங்க. நான் ஒஹையோ ஸ்டேட் பக்கத்து ஆளுங்க. 2021, 2022, 2023னு வரிசையா மூணு தடவை அடி வாங்கின ஊர்.

முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த சைகைத் திருட்டு விவகாரத்துல 2025 ஆகஸ்ட்ல கல்லூரி விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு கொடுத்துச்சு. பெரிய அபராதம் போட்டாங்க, ஆனா ஜெயிச்ச கணக்குல கை வைக்கலை. சரி, விடுங்க. எதிராளி டேபிள்ல கிடக்கிற சீட்டைப் பார்த்துட்டு ஆடினவன் நல்லாத்தான் ஆடினான்னு நீங்க சொல்லிக்கலாம். எனக்கு ஒப்பலை. ஆனா ஒண்ணு, அந்தப் புகார் வெளிய வந்த பின்னாடிதான் பென் ஸ்டேட்டையும் எங்களையும் அலபாமாவையும் அடிச்சாங்க. அதையும் நானே சொல்லிடறேன், இல்லைன்னா மதுரைக்காரர் சொல்லுவார்.

எங்க ஊர்ல மிச்சிகன் மேட்ச் வாரம் கேம்பஸ்ல எங்கெல்லாம் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கோ அங்கெல்லாம் சிவப்பு டேப்ல பெருக்கல் குறி போடுவாங்க. என் பையன் பேரே அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. அவன் தன் டிபன் டப்பா, ஸ்கூல் பை, ரூம் கதவு எல்லாத்துலயும் தன் பேர்லயே முதல் எழுத்தை அடிச்சு வச்சிருந்தான். ஏழு வயசு.

எங்க பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தெருவுலயே ஒரே மிச்சிகன் ஆள். ரிட்டயர் ஆனவர், அதிகம் பேச மாட்டார். ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சு வெளிய வந்தா, எங்க வீட்டு முன்னாடி மேப்பிள் இலையெல்லாம் கூட்டி வச்சிருக்கு. நல்ல மனுசன், நமக்காகக் கூட்டியிருக்கார்னு நெனச்சேன். மாடி ஜன்னல்ல இருந்து பையன் கத்தறான். மேல போய்ப் பார்த்தா, பத்தடி அகலத்துக்கு மஞ்ச இலையில ஒரு 'எம்'. ஓரமெல்லாம் நறுக்குன மாதிரி, அளவெடுத்துச் செஞ்சிருக்கார். எத்தனை மணிக்கு எந்திரிச்சாரோ!

பையன் அழுதுக்கிட்டே இறங்கிப் போனவன், கேரேஜ்ல இருந்து சிவப்புத் தண்ணிக் குழாயை இழுத்துட்டு வந்து அது மேல பெருக்கல் குறி மாதிரி போட்டான். அவர் வராண்டாவுல காபிக் கப்போட நின்னு கை தட்டினாருங்க. காத்து அடிச்சு இலை பறக்கற வரைக்கும் நாலு நாள் அது அப்படியே கெடந்துச்சு. நானும் எடுக்கலை, அவரும் எடுக்கலை.

நோவை அக்கா

கொங்கன் தம்பி, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது!

என் கதை அலபாமா மேட்ச். 2024 ஜனவரி 1, பாசடினாவில ரோஸ் பௌல், அதுதான் அரையிறுதி. கும்பகோணத்திலேர்ந்து எங்க மாமியார் வந்திருந்தா. வருஷப்பிறப்பும் அதுவுமா வடை பாயசம் பண்ணிட்டு உக்காந்தோம். முதல்லயே மிச்சிகன் பையன் பந்தைத் தவறவிட்டு அலபாமா எடுத்துடுத்து. "ஆரம்பமே சரியில்லை"ன்னா. நாலாவது குவாட்டர்ல 20-13 பின்தங்கினதும் என் பையன் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுட்டு மாடிக்குப் போயிட்டான். மாமியார் மட்டும் நகரலை. ரோமன் வில்சன் பிடிச்சு 20-20 ஆனதும், "போய் அவனைக் கூட்டிண்டு வா"ன்னா எங்காத்துக்காரர்ட்ட.

அவன் இறங்கி வர்றதுக்கும், ஆட்டம் முடிய சில வினாடி இருக்கறச்சே இன்னொருத்தன் தன் கோட்டு வாசல்லயே பந்தை நழுவ விடறதுக்கும் சரியா இருந்துது. ஒரு யார்டுல எப்படியோ எடுத்துட்டான். "இந்தப் பிள்ளை வந்தா பந்து கீழே விழறது, மேலேயே இருக்கட்டும்"னா மாமியார். பாவம், பதினாறு வயசுப் பையன், உலகத்தோட பெரிய மேட்ச்சை மாடிப்படியில உக்காந்து கம்பி வழியாப் பார்த்தான். ஓவர்டைம்ல கோரம் 17 யார்டு ஓடி 27-20. அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, மூணு யார்டு போகணும். ஜேலன் மில்ரோ நேரே நடுவுல நுழைஞ்சான், அப்படியே அமுக்கிட்டா. எனக்குக் கண்ணே தெரியலை. மாமியார், "ஓரமாப் போயிருந்தா போயிருப்பான்"னு சொல்லிட்டு அடுக்களைக்கு எழுந்து போயிட்டா. மறுநாள் டிவியில நிபுணர்கள் எல்லாம் அதையேதான் பேசிண்டிருந்தா.

ஹூஸ்டன் வெயில்

ஃபைனல் எங்க ஊர் என்.ஆர்.ஜி. ஸ்டேடியத்துலதான் நடந்துச்சு. சாயங்காலத்துல நான் வாடகைக் கார் ஓட்டறவன், அன்னைக்கு நல்ல வருமானம். வாஷிங்டனும் 14-0, மிச்சிகனும் 14-0. ஊதாவும் மஞ்சளுமா ஊரே நிரம்பி வழிஞ்சது.

ஒரு அப்பா, பொண்ணு. ஹோட்டல்லேருந்து ஏத்தினேன். அந்த மனுஷன் 1997-ல மிச்சிகன்ல படிச்சவராம். அந்த வருஷமும் டீம் தோக்கவே இல்லை. ஆனா செய்தியாளர் ஓட்டுல மிச்சிகன் முதல் இடம், கோச்சுகள் ஓட்டுல நெப்ராஸ்கா முதல் இடம். பட்டம் ரெண்டாப் பிரிஞ்சுபோச்சு. முழுசா, பங்கில்லாம ஜெயிச்சது கடைசியா 1948. "இருபத்தாறு வருஷமா யாராவது கேட்டா, ஜெயிச்சோம்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டு, நெப்ராஸ்காவோடன்னு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கு"ன்னார். அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேர்லயும் பட்டா போட்ட வீடு மாதிரின்னு நான் சொன்னேன். அவருக்கு அதை இங்கிலீஷ்ல புரியவைக்கறதுக்குள்ளே ஸ்டேடியம் வந்திருச்சு.

மேட்ச் நடக்கும்போது ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி ரேடியோ கேட்டேன். நாலாவது குவாட்டர் வரைக்கும் 20-13தான், எப்படி வேணா திரும்பியிருக்கலாம். அப்புறம் கோரம் ரெண்டு டச்டவுன். 34-13. ஓட்டத்துல மட்டும் 303 யார்டு. முடிஞ்சதும் எனக்குக் கிடைச்ச சவாரி வாஷிங்டன்காரங்க நாலு பேர். நாற்பது நிமிஷம் ஒரு சொல் பேசலை. ஏர்போர்ட் கிட்ட வந்தப்போ பின்சீட்டுல ஒருத்தர் மட்டும், "அண்ணே, ரேடியோவை நிறுத்தலாமா?"ன்னு கேட்கற மாதிரி கேட்டார். அது அணைஞ்சுதான் இருந்தது.

அந்த அப்பாவைத் திரும்பப் பார்க்கலை. ஆனா காலையில போனைத் திறந்தா டிப்ஸ் வந்திருந்துச்சு, கூடவே ஒரு வரி: நெப்ராஸ்கா இல்லாமல்.

மதுரை டு மிச்சிகன்

ஹூஸ்டன் தம்பி, அந்த ஒரு வரிக்காகவே எழுத ஆரம்பிச்சது வீண் போகல.

மிச்சக் கதையையும் சொல்லிடறேன். ஜனவரி 13 ஊர்வலத்துக்குப் பொண்ணைக் கூட்டிப் போனேன். பனியும் காத்தும் சேர்ந்து அடிச்சதுல எந்த வண்டியில யார் போறாங்கன்னே தெரியல, எல்லாருக்கும் கை ஆட்டினோம். பத்து நாள் கழிச்சு ஹார்பா லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ்ங்கிற தொழில்முறை டீமுக்குப் போயிட்டார், ஷெரோன் மூர் கோச் ஆனார்.

2024 செப்டம்பர்ல டெக்சாஸ் மேட்ச்சுக்கு நானே டிக்கெட் வாங்கினேன். அதே வீட்டுப் புல்லுக்குத்தான் காரை விட்டேன். அந்தம்மா அதே நாற்காலி, அதே அட்டை. எண்பதை அடிச்சு நூறுன்னு எழுதியிருந்தது. போன வருஷம் எண்பதுதானேன்னு கேட்டேன். "போன வருஷம் நாங்க சாம்பியன் இல்லையே"ன்னாங்க. பேசாம நூறைக் கொடுத்தேன். மேட்ச்ல 31-12ன்னு தோத்துட்டு, வெயில்ல வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தா, அந்தம்மா மார்க்கரை எடுத்து நூறைத் திரும்ப எண்பதாக்கிக்கிட்டு இருந்தாங்க. என் இருபதை மட்டும் திருப்பித் தரல.