ரிப்பீட்டர் தானாகவே டிரான்ஸ்மிட்டில் நிற்கிறது, சேனலே அடைபடுகிறது. எங்கிருந்து தேடுவது?

அலைவரிசை72:
ஒரு மாவட்டக் காவல்துறைக்கு வயர்லெஸ் பராமரிப்பு பார்க்கிறேன். விஎச்எஃப் அனலாக், மலை மேல் ஒரே ரிப்பீட்டர் (வண்டிகளின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி), 60 வண்டிகள். மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் பத்து, பதினைந்து நிமிடம் கேரியர், அதாவது வெறும் சிக்னல், விடாமல் நிற்கிறது. பேச்சு இல்லை, எப்போதாவது எஞ்சின் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது. நேற்று விபத்து நடந்த இடத்திலிருந்து ரோந்து வண்டி எவ்வளவு கூப்பிட்டும் கண்ட்ரோலுக்குக் கேட்கவில்லை, கடைசியில் செல்போனில்தான் ஆம்புலன்ஸ் கேட்டார்கள். மனசே சரியில்லை. ரிப்பீட்டரைத் திறந்து பார்த்தேன், ரிலே, பவர் சப்ளை எல்லாம் நன்றாக இருக்கின்றன.

பழைய_மெக்கானிக்:
அடுத்த முறை டிரான்ஸ்மிட்டில் நிற்கும்போது டூப்ளெக்ஸரிலிருந்து (ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் வைக்கும் ஃபில்டர்) ரிசீவருக்குப் போகும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். டிரான்ஸ்மிட்டர் பக்கம் கை வைக்காதீர்கள், ஆன்டெனா லோடு இல்லாமல் ஓடினால் பிஏ (பவர் ஆம்ப்ளிஃபையர்) போய்விடும். கழற்றிய பிறகும் ஆனிலேயே நின்றால் கோளாறு உள்ளே, பிடிடி லைனையும் (டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும் வயர்) கண்ட்ரோலரையும் பாருங்கள். டிரான்ஸ்மிட் அணைந்துவிட்டால், கேபிளை மாட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்து ரிசீவரை மட்டும் கேளுங்கள். அப்போது சிக்னல் காணாமல் போனால் அது ரிப்பீட்டர் தன் சிக்னலையே பிடித்துக்கொள்வது, மழைத் தண்ணீர் இறங்கிய கனெக்டரில் இப்படி வரும். சிக்னல் அப்படியே இருந்தால் வெளியே ஏதோ ஒரு செட்.

யாகி_ஆன்டெனா:
எஞ்சின் சத்தம் கேட்கிறது, டோன் ஸ்குவெல்ச்சும் (உங்கள் செட்களின் டோன் வந்தால்தான் திறக்கும் பூட்டு) திறக்கிறது என்றால் உங்கள் வண்டி ஒன்றின் மைக்தான் அழுந்தியிருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள், டிரான்ஸ்மிட்டில் நிற்கும் செட்டுக்கு நாம் கூப்பிடுவது கேட்காது. டிரைவர் சேனல் அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் செல்போனில் ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டு, வண்டி வண்டியாகப் பத்து விநாடி செட்டை அணைக்கச் சொல்லுங்கள், இங்கே ஒருவர் சிக்னல் மீட்டரைப் பார்க்கட்டும். சிக்னல் ஏறி இறங்கினால் வண்டி ஓடுகிறது, அசையாமல் இருந்தால் எங்கோ நிற்கிறது. நேரில் தேடும்போது ரிப்பீட்டரின் அவுட்புட்டைக் கேட்டுப் பயனில்லை, அது எப்போதும் மலையிலிருந்துதான் வரும். வண்டிகள் அனுப்பும் இன்புட் அலைவரிசையை வையுங்கள். கிட்டே போனதும் வாக்கி டாக்கியின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டால், சரியான வண்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கேட்கும்.

அலைவரிசை72:
கிடைத்துவிட்டது! டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் ரிசீவரில் சிக்னல் அப்படியே இருந்தது, அப்புறம் போன் போட்டு அணைக்கச் சொன்னதில் 23ஆவது வண்டி. மைக் மாட்டும் கொக்கி உடைந்ததால் சீட்டுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கிறார்கள். செட் தொட முடியாத சூடு. ஆனால் அந்த செட்டில், அதிக நேரம் அனுப்பினால் தானாக நிறுத்தும் டைம் அவுட் டைமர் 60 விநாடிக்கு வைத்திருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை?

பழைய_மெக்கானிக்:
வண்டி குலுங்கும்போது பட்டன் ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடி அழுந்தும், டைமர் புதிதாக எண்ண ஆரம்பிக்கும். புரோகிராமிங்கில் டைமர் ரீசெட் நேரம் (பட்டனை எவ்வளவு நேரம் விட்டால் டைமர் புதிதாக எண்ணும் என்பது) பூஜ்யமாக இருக்கும், அதை இரண்டு மூன்று விநாடி ஆக்குங்கள். மைக்கின் சுருள் வயரையும் இழுத்துப் பாருங்கள், கொக்கி இல்லாத மைக்கில் வயர் உள்ளே அறுந்து பிடிடி ஷார்ட் ஆவதும் உண்டு. மற்ற 59 வண்டிகளின் கொக்கியையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.