ஸ்லீவ் ஆபரேஷன்: முன்னாடி 2 வாரம், பின்னாடி 2 மாதம் வீட்டில் என்ன செய்யணும்?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். அக்காவுக்கு அடுத்த மாதம் பாண்டியில் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது). வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடைக் கணக்கு) 45 பக்கம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின். பிரஷருக்கு டெல்மிசார்டனோடு தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக்குவது) சேர்ந்தது. குறட்டை அதிகம். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன் எல்லாம் முடிந்தது. டயட் என்று ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். அதில் ஓட்ஸ், புரோக்கோலி, சால்மன்! நம்ம அடுப்படிக்கு இதை எப்படி மாற்றுவது? மாத்திரைகளை எப்போது நிறுத்துவது? வீட்டுக்கு வந்தபின் எதைக் கண்டால் உடனே ஓடணும்? 2024-ல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் போய் இறந்த செய்தி வந்ததிலிருந்து அம்மா தினமும் கேட்கிறார்.

மருந்துச்சீட்டு

மாத்திரையை முதலில் பார்ப்போம். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வார டயட் தொடங்கும் நாளுக்கு முன்பே சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிடுங்கள், ஆபரேஷன் தேதி வரை காத்திருக்க வேண்டாம். கிளிமிபிரைடு சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். 800 முதல் 1000 கலோரி உணவில் பழைய டோஸே போட்டால் லோ சுகர்தான். பெரும்பாலும் குறைப்பார்கள், இல்லை நிறுத்துவார்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வேறு வகை ஆபத்து. மாவுச்சத்து குறைந்த நேரத்தில் இதைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி அமிலமாகிவிடும், ஆனால் குளுக்கோமீட்டரில் 150, 180 என்று சாதாரணமாகத்தான் தெரியும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்தணும். சோறில்லாத டயட் என்பதால் டயட் தொடங்கும்போதே நிறுத்தலாமா என்று கேளுங்கள். நிறுத்தாமல் விட்டால் வரும் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கலைப் பார்த்து தையல் கசிவோ (இரைப்பையை வெட்டி மூடிய இடம் கசிவது) என்று குழம்ப நேரிடும்.

தண்ணீர் மாத்திரையும் அப்படியே. சாப்பாடும் உப்பும் குறைந்த உடம்பில் அது தலைசுற்றலைக் கொண்டுவரும், அதுவும் நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில். அக்கா கருத்தடை மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயத்துக்காக ஒரு மாதம் முன்பே நிறுத்துவது வழக்கம்.

ஆபரேஷனுக்குப் பின் சர்க்கரை எடை குறையும்வரை காத்திருக்காது, சில நாளிலேயே இறங்கும். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாத பழைய சர்க்கரை மாத்திரை எதையும் கையில் எடுக்கக் கூடாது. முதல் சில வாரம் பெரிய மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை மாத்திரை வேண்டாம். பொடிக்கக் கூடியதா, சிரப் உண்டா என்று கேளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் மூன்றும் வேண்டவே வேண்டாம், இரைப்பையில் புண் வரும். வலிக்குப் பாராசிட்டமால். மெடிக்கலில் உடம்பு வலிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும், அதை வாங்காதீர்கள்.

பாண்டி_டயட்டீஷியன்

அந்த இரண்டு வாரம் எடையைக் குறைக்க அல்ல, கல்லீரலைச் சுருக்க. அதன் இடது மடல் இரைப்பைக்கு மேலே படுத்திருக்கும். கொழுப்பும், சேமித்த மாவுச்சத்தும், அதோடு ஒட்டிய நீரும் சேர்ந்து வீங்கிய கல்லீரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஸ்டேப்ளர் போடுவது சிரமம். கிழிந்தால் ரத்தம் கசியும். "கடைசியா ஒரு தடவை" என்று முந்தின வாரம் வீட்டில் பிரியாணி விருந்து வைப்பார்கள் பாருங்கள், அது அத்தனை நாள் பட்டினியையும் வீணாக்கிவிடும்.

சால்மனை மறந்துவிடுங்கள். காலையில் 2 அவித்த முட்டை, ஒரு தம்ளர் ஆடை நீக்கிய பால். மதியம் 100 கிராம் வஞ்சிரமோ சங்கராவோ குழம்பில் வெந்தது (வறுவல் இல்லை, தேங்காய் அரைத்து ஊற்றவும் வேண்டாம்), புடலங்காய் அல்லது கீரை ஒரு கிண்ணம், மோர். மாலை சுண்டல் அரைக் கப். இரவு ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுத்த புரதப் பொடி), காய்கறி சூப். மீன் 100 கிராமில் 20 கிராம் புரதம் கிடைக்கும். சோறு, இட்லி, தோசை, பழச்சாறு, முந்திரி எதுவும் கிடையாது. பண்ருட்டி பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் முந்திரி தானாக வீட்டுக்கு வரும், உஷார்.

பின்னால் வரும் கட்டங்களை மருத்துவமனைக்கு மருத்துவமனை ஓரிரு நாள் மாற்றுவார்கள், அவர்கள் சொல்வதே இறுதி. பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும். 15 நிமிஷத்துக்கு 30 மில்லி. குழந்தைக்குப் பால் ஊட்டும் பாலாடையில் அளந்து வைத்துக்கொண்டால் மடக்கென்று விழுங்க வராது. மணிக்கு 120 மில்லி என்றால் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை லிட்டர் தேறிவிடும். ஸ்ட்ரா, சோடா வேண்டாம். அடுத்து இரண்டாம் வாரம் முடியும்வரை கெட்டித் திரவம், 3, 4-ஆம் வாரம் மசித்தது, 5, 6-இல் மென்மையானது, பிறகுதான் வழக்கமான சாப்பாடு.

திரவக் கட்டத்தில்தான் வீடுகளில் தவறு நடக்கிறது. பருப்புத் தண்ணீரில் புரதம் மிகக் குறைவு, அது அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப் தெம்பு என்பார்கள். அதில் இருப்பது ஜெலட்டின், அதை மட்டும் நம்பித் தசையைக் காப்பாற்ற முடியாது. நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். 200 மில்லி ஆடை நீக்கிய பால் இரண்டு தடவை என்றால் 14 கிராம், அதில் இரண்டு ஸ்கூப் வே கலந்தால் இன்னும் 48. கணக்கு முடிந்தது. ராகிக் கஞ்சி இந்தக் கணக்கில் ஓரமாகத்தான் வரும்.

மசித்த கட்டத்தில் ஆவியில் வெந்த முட்டை, மசித்த பன்னீர், கெட்டிப் பருப்பு. ஐந்தாம் வாரம் சுறாப்புட்டு அருமையாகப் பொருந்தும், அவித்து உதிர்த்த மீன்தானே. எண்ணெயை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, மிளகாயைக் குறையுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் வாரம் ஒரு நாள் போதும். நெத்திலி முள் இப்போது வேண்டாம். தோசையும் சப்பாத்தியும் குழைந்த சோறும் உருண்டையாகத் திரண்டு நெஞ்சில் நிற்கும், அவற்றைக் கடைசியாகத் தொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர்.

கெடிலக்கரை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இளநீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா? வாந்தி எடுத்தால் இங்கேயே பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் காலையில் பாண்டி போகலாமா?

வார்டு_சிஸ்டர்

தம்பி, இளநீர் ஒரு நாளைக்கு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக, வழுக்கை இல்லாமல். சர்க்கரை உண்டு, பொட்டாசியமும் உண்டு. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும்.

குளுக்கோஸ் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: அப்படி ஏற்றக் கூடாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு உடம்பில் தயமின், அதாவது பி1, தீர்ந்திருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-ஐயும் அது செலவழித்துவிடும், மூளை பாதிக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். தயமின் ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ், அதுவரை நார்மல் சலைன். இந்த ஒரு வரியை டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். ராத்திரி டூட்டி டாக்டர் யாராக இருந்தாலும் காட்டலாம்.

உடனே கிளம்ப வேண்டியவை: நாடித்துடிப்பு உட்கார்ந்த நிலையில் 120-க்கு மேல், காய்ச்சல், இடது தோள்பட்டை வலி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்கல். கசிவில் நாடிதான் பல நேரம் முதலில் ஏறும். வயிறு இளகியே இருக்கலாம், அதைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்த உறைவு. இதற்கெல்லாம் காலை வரை காத்திருக்காமல், கடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ராத்திரியே வந்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் குழுவின் இரவு நேர எண்ணை முன்னாடியே வாங்கி வையுங்கள். மாடிப்படி நாலு ஏறியதும் வரும் படபடப்பு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அம்மாவின் பயத்துக்கு: ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரி மயக்க டாக்டர் உள்ளேயே இருப்பாரா, கசிவு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் தேதியைத் தள்ளிப் போடலாம். குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை எடுத்தாயிற்றா? சிபேப் கருவி (தூங்கும்போது முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று தருவது) தேவை என்றால் வீட்டில் பழகிவிட்டு, அதையே கையோடு எடுத்து வாருங்கள். நகப்பூச்சும் விரல் நுனி மருதாணியும் வேண்டாம், ஆக்சிஜன் கிளிப் தவறாகக் காட்டக்கூடும். தாலிச் சங்கிலி, மெட்டி கழற்றணும். அக்காவுக்கு மனசு வராவிட்டால் வெறும் மஞ்சள் கயிறாக மாற்றிக்கொள்ளலாமா என்று முந்தின நாளே கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த அன்றே நடக்க வைப்போம். வீட்டிலும் மணிக்கொரு தடவை திண்ணை வரை. ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது.

மருந்துச்சீட்டு

விட்டுப்போனது: கால்சியம் சிட்ரேட் நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி., பிரித்துப் பிரித்து. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி, டீயோடு சேர்க்கவே கூடாது. பி12, டி, மல்டிவைட்டமின் ஆயுசுக்கும். பித்தக்கல் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் 6 மாதம் கொடுப்பது வழக்கம், கொடுக்காவிட்டால் கேளுங்கள். மூன்றாம் மாதம் முடி கொட்டும்; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும், எண்ணெய்க்குச் செலவழிக்காதீர்கள்.

சன்னதித்தெரு

இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால்: ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் மாதிரி ஏதாவது வேண்டும். அக்காவுக்கு முதல் கணக்கே போதும். ஆனால் மற்ற எடைக்குறைப்பு வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு ஆதாரமும் கேட்கலாம். பழைய டயட் சீட்டு, டாக்டர் குறிப்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பாலிசி வாங்கி எத்தனை வருஷம் என்ற காத்திருப்புக் காலத்தையும் முன் அனுமதிக்கு அனுப்பும்முன் பார்த்துவிடுங்கள்.