மாடல் ப்ளேனோட பால்சா மரத்துல ஊறின க்ளோ ஃப்யூயல் (மெத்தனாலும் எண்ணெயும் கலந்த மாடல் இன்ஜின் எரிபொருள்) எண்ணெய்ய எப்படி எடுக்கறது?

பழைய ட்ரெய்னர் ப்ளேன் (பறக்கவிட கத்துக்கற மாடல் விமானம்) ஒண்ணு கைக்கு வந்திருக்குங்க, ஃபயர்வாலும் (இன்ஜின் மாட்டற முன்பக்க பலகை) டேங்க் வைக்கிற இடமும் எண்ணெய் ஊறி கருத்துப் போய் கிடக்கு, நகத்தால அழுத்தினா பால்சா பொதபொதன்னு அமுங்குது. மெத்தனால் எப்பவோ ஆவியாகியிருக்கும், தங்கினது விளக்கெண்ணெய்தான், அது இருக்கிற வரைக்கும் எபாக்ஸி பசையும் ஒட்டாது, மேல ஒட்டற கவரிங் ஷீட்டும் நிக்காது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவி மேல சோளமாவு தூவி காஞ்சதும் பிரஷ்ஷால தட்டி எடுக்கறேன், மாவு மஞ்சளா வருது, ஆனா அப்புறம் ஹீட் கன் காட்டினா உள்ளேர்ந்து திரும்ப கசியுது (ஆல்கஹால் முழுசா காஞ்சப்புறம்தான் சூடு காட்டறேன், பயப்படாதீங்க). அசிட்டோன் பெட்டரா? ப்ளைவுட்ல அத போட்டா பழைய பசை விட்டுடுமா? இல்ல அந்தப் பகுதியவே வெட்டிட்டு புதுசு வச்சிடலாமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, இறக்கையெல்லாம் நல்லா இருக்கு, தூக்கிப்போட மனசு வரல.